ஏரிச் சேறு கெட்டால் மீனில் தெரியும் அறிகுறிகள்: வேலூர் வட்டாரக் குத்தகைதாரர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, வாலாஜாப்பேட்டை எனப் பாலாற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டிய ஊர்களில் ஏரி மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் ஆண்டுதோறும் ஒரே விதமான முறையீட்டோடு வருகிறார்கள். மீன் சாகிறது, மீன் எடை ஏறவில்லை, வாடை அடிக்கிறது என்று வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் அவர்கள் குஞ்சு வாங்கும் பண்ணையை மாற்றியிருப்பார்கள், கடைக்காரர் சொன்ன மருந்தைக் கொட்டியிருப்பார்கள், ஏரித் தண்ணீரை ஒருமுறை சோதித்துக் குறை ஏதுமில்லை என்ற அறிக்கையையும் கையில் வைத்திருப்பார்கள். தண்ணீர் ஒவ்வொரு மழைக்கும் மாறிவிடும். அடியில் படிந்த வண்டலோ, பல பத்தாண்டுகளாக வரத்துக் கால்வாய் கொண்டுவந்து சேர்த்ததையெல்லாம் தன்னுள் வைத்திருக்கிறது. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் சேற்றைப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் ஏரியில் தெரியும் அறிகுறிக்கு உரிய பகுதிக்குச் செல்லுங்கள்.

எதற்கும் முன்: சேற்றை வெளியே எடுத்துப் பாருங்கள்

இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று போதும். பரிசலில் இருந்தோ இடுப்பளவு நீரில் நின்றோ குழாயைச் சேற்றில் ஒரு முழம் ஆழத்துக்கு அழுத்தி, மேல் வாயை உள்ளங்கையால் இறுக மூடி, மெதுவாக உருவி எடுத்து, உள்ளே நிற்கும் சேற்றுத் தண்டை வெள்ளைத் தட்டில் உடையாமல் தள்ளுங்கள். கால்வாய் வாயருகே ஒன்று, ஆழமான கசத்தில் ஒன்று, மதகருகே ஒன்று என மூன்று இடங்களிலாவது எடுக்க வேண்டும்.

சேற்றின் மேல்பரப்பில் விரல் நகத்தின் கனத்துக்காவது பழுப்பு நிற ஏடு இருந்தால், அடிமட்டம் வரை உயிர்வளி (ஆக்சிஜன்) எட்டுகிறது என்று கொள்ளலாம். மேலிருந்தே மையைப் போலக் கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசினால் அங்கே உயிர்வளி இல்லை, ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிக்கொண்டிருக்கிறது. தோல் பதனிடும் பட்டறைகளில் முடி நீக்கச் சோடியம் சல்பைடும், பதனிடக் குரோமிய சல்பேட்டும் பயன்படுவதால், அந்தக் கழிவு எட்டிய ஏரிகளில் இந்த வாடை சாதாரணச் சாக்கடைச் சேற்றைவிடக் கடுமையாக இருக்கும். சேற்றை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நீலம் பாய்ந்த தோல் சீவல்கள், முடிக்கற்றைகள், எண்ணெய்ப் படலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் மற்றச் சோதனைகளுக்குக் காத்திராமல் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது நல்லது. கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

பிறகு ஒரு பிடி சேற்றைக் கொசுவலைத் துணியில் இட்டு அலசுங்கள். சிவப்பு இரத்தப்புழுக்கள் மட்டும் ஏராளமாக நெளிந்தால் சேறு அழுகல் மிகுந்தது, ஆனால் உயிர் தாங்கக்கூடியது. நத்தை, தட்டான் இளம்புழு, சிப்பி எனப் பலவும் இருந்தால் கவலை குறைவு. எதுவுமே இல்லாத வெறும் சேறுதான் என்னை அச்சப்படுத்துவது. சாக்கடைச் சேறு பெரும்பாலும் இரத்தப்புழுவை ஒழிப்பதில்லை, நச்சு ஒழித்துவிடும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

எளிய காரணம் பாசிப் பெருக்கமும் மேகமூட்டமும். பச்சைப் பிடித்த ஏரியில் இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து உயிர்வளியைச் செலவழித்துவிட, சூரியன் எழும் முன்பு அது மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிடும். கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் முதலில் மேலே வரும். விராலும் தேளியும் காற்றை நேரடியாக மூச்சிழுக்கக்கூடியவை என்பதால் அவை பதற்றமின்றி இருக்கும்.

காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும், மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் உயிர்வளியை அளந்து எழுதிவையுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் நல்லது. 3-க்குக் கீழே மீன் வருந்துகிறது. காலையில் குறைந்து பிற்பகலில் மேலும் கீழும் ஒருசேர ஏறினால் பாசிதான் காரணம். சாணமும் தீவனமும் இடுவதை நிறுத்தி, ஆழ்துளைக் கிணற்று நீரையோ ஏரி நீரையோ பம்பு வைத்து மழை போலத் தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிற்பகலில் மேல்மட்டம் நன்றாக இருந்து அடிமட்டம் மட்டும் கிட்டத்தட்டச் சுழியமாக இருந்தால், உயிர்வளியை உறிஞ்சுவது சேறுதான். அப்போது தெளிப்பும் காற்றூட்டியும் மீனை அன்றைக்குக் காப்பாற்றுமே தவிரக் குறையை நீக்காது. மீனின் அடர்த்தியைக் குறைத்து, இழுவலை போட்டுச் சேற்றைக் கலக்குவதைத் தவிர்த்து, கோடையில் ஏரி வற்றும்போது மேல்சேற்றை அகற்றுவதுதான் வழி. அதற்கான எச்சரிக்கைகள் இறுதிப் பகுதியில் உள்ளன.

வெயில் ஏறி, உயிர்வளி 5-க்கு மேல் போன பிறகும் பத்து மணிக்கு மீன் மேலேயே நின்றால் குறை தண்ணீரில் இல்லை, செவுளில் இருக்கிறது. செவுள் பகுதியைப் பாருங்கள், அன்றே மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள்.

மழை பெய்த மறுநாள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன

இந்த அறிகுறியில்தான் அதிகமான பொருளும் இழப்பாகிறது, அதிகமான தவறான முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. ஆகையால் இதில் சற்று நிதானமாகச் செல்வோம்.

முதல் சாத்தியம், ஏரி புரண்டுவிட்டது. சித்திரை, வைகாசி வெயிலில் சூடேறிய மேல்நீரின் மீது திடீரென்று கோடை மழையும் காற்றும் வந்தால், அதுவரை அசையாதிருந்த அடிநீர் மேலே கலந்து, உயிர்வளியற்ற நீரையும் ஹைட்ரஜன் சல்பைடையும் ஏரி முழுவதும் பரப்பிவிடுகிறது. இரண்டாவது, வரத்துக் கால்வாயின் முதல் வெள்ளம் வயலில் தெளித்த பூச்சிமருந்தையும் சாக்கடையையும் அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். மூன்றாவது, மழையின் மறைவில் யாரோ கழிவைத் திறந்துவிட்டிருக்கலாம். இவை மூன்றையும் பிரித்தறியாமல் யார்மீதும் புகார் எழுதினால் புகார் நிற்காது. உண்மையான குற்றவாளி இருந்தாலும் அவர் தப்பிவிடுவார்.

பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும். எந்த இனம் செத்தது? விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் உயிரோடிருக்கக் கட்லா, ரோகு, மிர்கால் மட்டும் செத்திருந்தால் உயிர்வளிக் குறைவையே முதலில் ஐயுறுங்கள். காற்றை மூச்சிழுக்கும் மீன்களும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சு என்று கொண்டு நடவடிக்கை எடுங்கள். எந்த அளவு மீன் முதலில் செத்தது? உயிர்வளிக் குறைவில் பொதுவாகப் பெரிய மீன் முந்தும், நஞ்சில் குஞ்சு முந்தும். எந்த நேரத்தில் தொடங்கியது? நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியலில் உச்சமடைவது உயிர்வளிக் குறைவின் இயல்பு; நஞ்சு நண்பகலிலும் கொல்லும். எங்கே தொடங்கியது? செத்த மீன் குவிந்து கிடக்கும் கரையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது காற்று தள்ளிய இடம். தள்ளாடிக்கொண்டு உயிரோடிருக்கும் மீன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கால்வாய் வாயருகே என்றால் வெளியிலிருந்து வந்தது. கசத்தின் மேலே என்றால் அடியிலிருந்து எழுந்தது.

இந்த நேரத்தில் சுண்ணாம்பு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் என எதையும் கொட்டாதீர்கள். குறிப்பாகச் சுண்ணாம்பு. அது நீரின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவை உயர்த்தும், பி.எச். உயர உயர, நீரிலுள்ள அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறும். சேற்றிலிருந்து அம்மோனியா கிளம்பிய ஏரியில் சுண்ணாம்பு கொட்டினால் மிஞ்சிய மீனும் போய்விடும்.

நஞ்சு என்று ஐயம் எழுந்தால் அந்த மணி நேரத்திலேயே மாதிரி எடுக்க வேண்டும். தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, இருட்டில், பனிக்கட்டியில் வையுங்கள். உலோகச் சோதனைக்கு மட்டும் தனியே பிளாஸ்டிக் குப்பி எடுங்கள். செத்து ஊதிய மீனால் ஆய்வகத்துக்குப் பயனில்லை; செத்துக்கொண்டிருக்கும் மீனை எடுத்துப் பனிக்கட்டியில் அனுப்புங்கள். இடம், நேரம், கால்வாயின் நிறம் தெரியப் படம் எடுங்கள். மீன்வளத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்து வடிவில் தெரிவித்து, ஒப்புகை பெறுங்கள். இந்த வட்டாரத்துக்குச் சட்டத்தின் துணை உண்டு. வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்த தீர்ப்பிலும் அதே கோட்பாட்டை வலியுறுத்தியது. தேதியிட்ட மாதிரியும் ஒப்புகையும் உள்ள புகாருக்கே இந்தத் தீர்ப்புகள் பயன்படும்.

செத்த மீனை விற்கவும் கூடாது, கோழிக்கும் பன்றிக்கும் போடவும் கூடாது. கரையிலிருந்து தள்ளிக் குழி வெட்டிப் புதையுங்கள்.

செவுள் நிறம் மாறியிருக்கிறது

உயிரோடு பிடித்த மீனின் செவுள் மூடியை உடனே தூக்கிப் பாருங்கள். செத்துச் சில மணி நேரமானால் நிறம் எதையும் சொல்லாது. ஒரே ஒரு மீனை வைத்து முடிவு செய்யாமல் மூன்று இனங்களிலாவது பாருங்கள்.

செவுள் இதழ்களில் சாம்பல் நிறச் சேறு திரண்டிருந்து, கழுவியதும் கீழே நல்ல சிவப்பு தெரிந்தால், கலங்கிய நீர் மட்டுமே காரணம். மாடு இறங்குவதையும் வலை இழுப்பதையும் சில நாள் நிறுத்தினால் தெளியும்.

வெளுத்து, இதழ்களில் வெண்புள்ளிகள் அல்லது புழுக்கள் தெரிந்தால் ஒட்டுண்ணி. மீன்வளத்துறை ஆய்வாளரிடம் காட்டி மருந்து கேளுங்கள்.

சாக்லேட் பழுப்பு என்றால் நைட்ரைட், அதாவது கழிவிலுள்ள அம்மோனியா சிதையும்போது உண்டாகும் நச்சுப்பொருள். குட்டையில் உப்பிட்டுச் சரிசெய்யலாம், ஏனெனில் உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் புகவிடாது. தோல் பட்டறை உப்பு ஏற்கெனவே ஏறிப்போன ஏரிகளில் அதே காரணத்தால் இது அரிதாகவே தோன்றும். அங்கே பழுப்புச் செவுள் தெரிந்தால் நைட்ரைட்டை அளந்து உறுதி செய்யாமல் உப்புக்குச் செலவழிக்க வேண்டாம்.

கெட்டியான சளி மூடி, இதழ் நுனிகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இரண்டே ஐயங்கள்: அம்மோனியா, உலோகம். அம்மோனியாவைப் பிற்பகல் நான்கு மணியளவில், பி.எச்., வெப்பநிலை ஆகியவற்றோடு சேர்த்து அளந்து பாருங்கள். காலையில் அளந்தால் ஆபத்து குறைவாகத் தெரியும். அது மிகுந்திருந்தால் தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துவதும் புதுநீர் விடுவதும்தான் மருந்து. அம்மோனியா குறைவாக இருந்தும் சளி நீங்கவில்லை என்றால், சேற்றை ஆய்வகத்துக்கு அனுப்பிக் குரோமியம், ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றை அளக்கச் சொல்லுங்கள். வண்டல் தரத்துக்குப் பன்னாட்டளவில் பரவலாக எடுத்தாளப்படும் அளவுகோலின்படி, உலர்ந்த சேற்றில் கிலோவுக்கு 43.4 மில்லிகிராமுக்குக் கீழே குரோமியம் இருந்தால் அடிவாழ் உயிர்களுக்குத் தீங்கு நேர வாய்ப்பு குறைவு. 111-க்கு மேலே போனால் தீங்கு நேரும் வாய்ப்பு மிகுதி. அறிக்கை வாங்கும்போது மொத்தக் குரோமியத்தையும் குரோமியம்-6 அளவையும் தனித்தனியே கேளுங்கள். தோல் பதனிடுவதில் பயன்படுவது குரோமியம்-3. அது பெரும்பாலும் சேற்றோடு பிணைந்து கிடக்கும். நீரில் எளிதில் கரைந்து செவுளையும் ஈரலையும் சிதைப்பது குரோமியம்-6.

ஆய்வகச் செலவுக்கு முன் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். மூன்று வாளிகள் எடுங்கள். இரண்டில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஏரிச் சேறு, மூன்றாவதில் கழுவிய ஆற்று மணல். மூன்றிலும் ஒரே கிணற்று நீரை ஊற்றி ஒரு நாள் தெளியவிட்டு, ஒரே அளவுள்ள ரோகுக் குஞ்சுகளை ஐந்தைந்தாக விடுங்கள். மணல் வாளிக்கும் சேற்று வாளிகளில் ஒன்றுக்கும் மட்டும் சிறிய காற்றூட்டி வையுங்கள். நான்கு நாள் தீவனமின்றிக் கவனியுங்கள். காற்றூட்டி இல்லாத சேற்று வாளியில் மட்டும் செத்தால் சேறு உயிர்வளியைத் தின்கிறது. காற்றூட்டி இருந்தும் சேற்று வாளியில் செத்தால் சேற்றில் நச்சு இருக்கிறது என்பதற்கு அது வலுவான அடையாளம். உடனே ஆய்வகத்துக்குச் செல்லுங்கள். மணல் வாளியிலும் செத்தால் உங்கள் கிணற்று நீரோ குஞ்சோ சரியில்லை, சோதனை செல்லாது.

தோலில் புண், துடுப்பு அழுகல்

புண் உடலில் எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. முதுகிலும் பக்கவாட்டிலும் செதில் உரிந்த தடம் இருந்தால் வலைக் காயம். வட்டத் தட்டுப்போல ஒட்டி ஊரும் மீன்பேனோ, நூல்போல வெளியே நீண்டிருக்கும் நங்கூரப் புழுவோ இருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும்.

அடிவயிறு, கீழ்த்துடுப்புகள், வாயோரம் ஆகிய இடங்களில் மட்டும் சிவந்தும் அரித்தும் இருந்து, கெண்டை, கெளுத்தி ஆகியவற்றின் மீசை குட்டையாகியோ முடிச்சிட்டோ இருந்தால், சேற்றைத் தொட்டு வாழ்வதால் வந்த கேடு என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. மிர்காலும் சாதாக்கெண்டையும் கெளுத்தியும் பாதிக்கப்பட்டு, மேல்மட்டத்தில் மேயும் கட்லா தப்பியிருந்தால் அந்த ஐயம் உறுதிப்படுகிறது. அடுத்த பருவத்தில் சாதாக்கெண்டையையும் மிர்காலையும் குறைத்து விடுவது செலவில்லாத முதல் தீர்வு. அவை இரை தேடிச் சேற்றைக் கிளறுவதும் அதனால் குறையும்.

கார்த்திகை முதல் மாசி வரையிலான குளிர் மாதங்களில், விரால் உட்படப் பல இனங்களில் ஆழமான சிவந்த குழிப்புண் தோன்றினால் அது கொள்ளைப்புண் நோயாக இருக்கலாம். வேறு ஏரிக்கு மீனையோ வலையையோ கொண்டுபோகாமல், காத்திராமல் மீன்வளத்துறையை அழைக்க வேண்டிய நிலை இது. கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் இந்த மீன்களைத் தொட வேண்டாம்.

எடை ஏறவில்லை, முதுகு வளைந்திருக்கிறது

ஜிலேபிக் கெண்டை பெருகி இரையைத் தின்கிறதா என்று முதலில் பாருங்கள்; பாதி முறையீடுகள் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து, அதே பண்ணைக் குஞ்சை வேறு ஏரியில் விட்டவரிடம் விசாரியுங்கள். அங்கே நன்றாக வளர்ந்து உங்களிடம் மட்டும் வளரவில்லை என்றால், கொசுவலையில் சேற்றை அலசிய சோதனைக்குத் திரும்புங்கள். அடிப்புழு அழிந்த ஏரியில் மிர்காலுக்கு இரை குறைந்துவிடும். முதுகு வளைவு விடும்போதே சில குஞ்சுகளில் இருந்தால் பண்ணைக் குறை. வளர்ந்த பின் பலவற்றில் தோன்றினால் பூச்சிமருந்தும் ஈயமும் ஐயத்துக்குரியவை, ஆய்வகத்தைத் தவிர வேறு வழியில்லை.

மீனில் வாடை

மண் வாடை, சேற்று வாடை எனப்படுவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியும் சேற்று நுண்ணுயிர்களும் உண்டாக்குவது. நல்ல நீரோட்டமுள்ள தொட்டியில் சில நாள் பட்டினி போட்டால் குறையும். மண்ணெண்ணெய் வாடை என்றால் எண்ணெய்க் கழிவு. அந்த மீனை விற்காதீர்கள்.

இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: வாடை இல்லாத மீன் நல்ல மீன் என்று முடிவு செய்துவிடாதீர்கள். குரோமியத்துக்கும் ஈயத்துக்கும் வாடை கிடையாது. சில நாள் தொட்டியில் விட்டால் அவை போகவும் போகாது. அவை சதையைவிடச் செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில்தான் கூடுதலாகச் சேரும். ஐயமுள்ள ஏரி மீனில் தலைக்குழம்பு வைப்பதும் ஈரலைக் குழந்தைகளுக்கு ஊட்டுவதும் ஆய்வு முடிவு வரும்வரை நிறுத்தப்பட வேண்டும்.

தூர்வாரிய பிறகு மீன் நிற்கவில்லை

சேறு கெட்டது என்று தெரிந்ததும் பொக்லைன் வைத்து வாரிவிடத் தோன்றும். நீர் இருக்கும்போது வாரினால் அடியில் பிணைந்து கிடந்த உலோகமும் சல்பைடும் ஏரி முழுவதும் கிளம்பும். முற்றிலும் வற்றிய பின்னரே, நீர்வளத்துறையின் அனுமதியோடு வார வேண்டும். வாரியதைக் கரையோரமே குவித்தால் அடுத்த மழையில் அது ஏரிக்கே திரும்பும்; காய்ந்து காற்றுப் பட்ட குரோமியச் சேற்றில் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறவும் கூடும். வண்டல் உரம் என்று நிலத்துக்கு அள்ளிச் செல்ல உழவர்கள் முன்வருவார்கள். ஆய்வறிக்கை இல்லாமல் கொடுக்காதீர்கள். 1996 தீர்ப்பிலேயே, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்று பதிவாகியிருக்கிறது. அந்தச் சேற்றை இன்னொரு வயலில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. அளவு மீறியிருந்தால் அதை எங்கே கொண்டுசெல்வது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே எழுத்தில் சொல்ல வேண்டும். இது குத்தகைதாரர் தனியே தீர்க்கக்கூடிய காரியம் அன்று.

வாரிய ஏரியில் புதுநீர் நிரம்பியதும் குஞ்சு முழுவதையும் ஒரே நாளில் விடாதீர்கள். இரண்டு வலைக்கூண்டுகளில், ஒன்று சேற்றைத் தொடும்படியும் மற்றொன்று நடுநீரில் தொங்கும்படியும் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தொகுதியை விட்டு இரண்டு வாரம் பாருங்கள். இரண்டிலும் பிழைத்தால் மீதியை விடலாம். தொங்கும் கூண்டில் பிழைத்து அடிக்கூண்டில் செத்தால் அந்தப் பருவத்துக்குக் கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் மட்டும், குறைந்த எண்ணிக்கையில் விடுங்கள். ஏரியிலிருந்து வரும் முதல் மீனையும் ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்த பின்னரே விற்பனையைத் தொடங்குங்கள்.